லெவியத்தான் கோடாரி: ஃபோமில் வெட்டி இரும்பாக்கும் வேலை

காட் ஆஃப் வார் என்ற வீடியோ விளையாட்டின் நாயகன் க்ரேடோஸாக வேடம் போட, என் முதல் கோடாரியை பிளைவுட்டில் செய்தேன். இரண்டு வாரம் இழைத்து, உப்புத்தாள் போட்டு, வெள்ளி பெயிண்ட் அடித்துத் தோளில் சுமந்துகொண்டு போனால், காஸ்ப்ளே (வேடம் போட்டு வருபவர்கள் கூடும்) நிகழ்ச்சி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கிலோ மரம், முனையும் கூர். கூட்டத்தில் யார் முழங்காலிலாவது இடித்திருந்தால் காயம்தான். அன்று முழுக்க அது பொருள் வைக்கும் அறையில் கிடந்தது. நான் கையில் ஆயுதமில்லாத க்ரேடோஸாகச் சுற்றினேன். மொட்டைத் தலையும் சிவப்புக் கோடும் மட்டும்தான் மிச்சம்.

இரண்டாவது கோடாரி ஃபோம். சமையலறைத் தராசில் வைத்தபோது எழுநூறு கிராம்கூட வரவில்லை. ஆனால் படத்தில் பார்ப்பவர்கள் இரும்பு என்றே நினைக்கிறார்கள். இந்த வழிகாட்டி அதைப் பற்றியதுதான். எடையில்லாத ஒன்றுக்குக் கனம் வரவைப்பதே இந்த வேலையின் சூட்சுமம். தடிமன், விளிம்பு, பெயிண்ட் எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் முடிவு செய்ய வேண்டும்.

எடுத்துக்கொண்டிருப்பது 2018-இல் வந்த காட் ஆஃப் வார் விளையாட்டின் லெவியத்தான் கோடாரி. கதைப்படி ப்ரோக், சிண்ட்ரி என்ற இரண்டு குள்ளர் சகோதரர்கள் செய்தது. இடிக் கடவுள் தோரின் கையில் இருக்கும் மியோல்னிர் சுத்தியலும் அவர்கள் கைவேலைதான், அதற்கு ஈடுகொடுக்கவே இதைச் செய்தார்கள். க்ரேடோஸின் மனைவி ஃபேயிடம் இருந்து, அவள் இறந்த பிறகு அவன் கைக்கு வருகிறது. ஆக இது கடையில் வாங்கிய புத்தம்புது சாமான் இல்லை. இன்னொருவர் பிடித்துப் பழகிய கருவி. பெயிண்ட் அடிக்கும்போது இந்த விஷயம் உதவும்.

எந்தக் கோடாரி?

இதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். விளையாட்டில் கோடாரியைத் தரம் உயர்த்த உயர்த்த அதன் அலங்காரமும் மாறும். தொடக்கத்தில் எளிமையாக இருப்பது கடைசியில் வேலைப்பாடு நிறைந்து நிற்கும். இணையத்தில் கிடைக்கும் பத்துப் படங்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினால், தலை ஒரு நிலையிலும் காம்பு இன்னொரு நிலையிலுமாக முடியும். முதல் முறை செய்பவர்கள் நடு நிலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். கடைசி நிலை பார்க்க ஆசையாக இருக்கும், வெட்டும்போது அழ வைக்கும்.

உங்களிடம் விளையாட்டு இருந்தால் படத்தை நீங்களே எடுப்பது நல்லது. வெளிவந்த சில வாரங்களிலேயே, 2018 மே மாதத்தில், அதில் போட்டோ மோட், அதாவது காட்சியை நிறுத்திப் படம் எடுக்கும் வசதி, சேர்த்தார்கள். கோடாரி பக்கவாட்டில் தெரியும்படி க்ரேடோஸை நிறுத்தி, கேமராவைத் தூரத்தில் வைத்து ஜூம் செய்து எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் பகுதி ஊதித் தெரியும், அளவெல்லாம் தப்பாகும். இரண்டு பக்கமும், மேலிருந்து ஒன்று, காம்பின் அடிக்குமிழ் தனியாக ஒன்று: குறைந்தது இந்த நான்கு படங்கள் வேண்டும்.

அளவு எடுப்பது

விளையாட்டில் அளவுகோல் கிடையாது. ஆனால் பிடித்திருக்கும் கை இருக்கிறது. படத்தில் காம்பைப் பிடித்திருக்கும் முஷ்டியின் அகலத்தை அளந்து, முழுக் கோடாரியும் எத்தனை முஷ்டி நீளம் என்று பாருங்கள். பிறகு உங்கள் முஷ்டியை அளந்து பெருக்குங்கள். என் முஷ்டி 9 செ.மீ. கணக்குப் போட்டுப் பார்த்து 90 செ.மீ. வைத்துக்கொண்டேன். இப்படி அளந்தால் கோடாரி உங்கள் உடம்புக்குப் பொருந்தும். விளையாட்டில் இருக்கும் நிஜ அளவு என்று யாரோ போட்ட எண்ணை எடுத்துச் செய்தால், ஐந்தரை அடி ஆள் கையில் அது துடுப்பு மாதிரி இருக்கும்.

படத்தை அந்த அளவுக்குப் பெரிதாக்கி ஏ4 தாள்களில் துண்டு துண்டாக அச்செடுத்து ஒட்டுங்கள். பிரிண்டர் இல்லையென்றால் பள்ளியில் செய்தது போலக் கட்டம் போட்டு சார்ட் பேப்பரில் வரையலாம், நேரம்தான் கூட ஆகும். வெட்டிய தாளைக் கையில் பிடித்துக் கண்ணாடி முன் நின்று பாருங்கள். தலை சிறியதாகத் தெரிந்தால் பத்து சதவீதம் பெரிதாக்குங்கள். கொஞ்சம் பெரிய தலை கனமாகத் தெரியும், கண்ணுக்குத் தப்பாகப் படாது.

தாளில் வலது முகம், இடது முகம் என்று பெரிதாக எழுதிவையுங்கள். நான் எழுதவில்லை. கோடாரியின் இரண்டு முகமும் கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றுக்கொன்று திரும்பி இருக்க வேண்டும். நான் ஒரே தாளை ஒரே பக்கமாக வைத்து இரண்டையும் வெட்டினேன். முகத்தில் வரும் பின்னல் கோலத்தை இரண்டிலும் செதுக்கி முடித்துவிட்டுச் சேர்த்தால், ஒரு முகத்தின் கோலம் உள்பக்கம் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை மொத்தமும் போச்சு.

என்னென்ன வேண்டும்

ஃபோம் என்று இங்கே சொல்வது ஈவிஏ ஃபோம், செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் ரப்பர் மாதிரியான பொருள். யோகா பாய் வேண்டாம், அது மெத்தென்று அமுங்கும், ஓரம் நிற்காது. குழந்தைகளுக்குத் தரையில் போடும் புதிர்ப் பாய் பரவாயில்லை, ஒரு பக்கத்துச் சொரசொரப்பை மட்டும் உள்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரியமேடுதான் புதையல். செருப்பு, ஷூ செய்பவர்கள் வாங்கும் கடைகளில் ஈவிஏ ஷீட் பல தடிமனில் கிடைக்கும். அதே தெருக்களில் தோல் துண்டும் கிடைக்கும், காம்புக்கு அது வேண்டும். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து உடனே எழும்ப வேண்டும். குழி அப்படியே நின்றால் அந்த ஷீட்டை விடுங்கள்.

10 மி.மீ. ஒன்று, 5 மி.மீ. ஒன்று, 2 மி.மீ. ஒன்று. முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒரு மீட்டர். செருப்பு தைப்பவர்கள் தடவும் ரப்பர் பசை. ஃபெவிகாலில் எஸ்ஆர் என்று எழுதிய டப்பா அந்த வகை. பிளேடு உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் பெரிய கட்டர், கூடவே ஒரு பாக்கெட் பிளேடு. சூடான காற்றை ஊதும் ஹீட் கன். உப்புத்தாள் 80, 150, 240 எண்களில். வெள்ளை ஃபெவிகால். அக்ரிலிக் பெயிண்டில் கறுப்பு, வெள்ளி, பழுப்பு, வெள்ளை, வெளிர் நீலம். டிரெமல் மாதிரிச் சுழலும் கருவி இருந்தால் வசதி. இல்லாவிட்டால் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், தோள்பட்டை இரண்டு நாள் பேசவில்லை.

மூச்சு விஷயத்தில் விளையாடாதீர்கள். ரப்பர் பசையிலிருந்து வரும் ஆவியை என்95 முகக்கவசம் தடுக்காது, அது தூசுக்கு மட்டும்தான். ஆவிக்குக் கரி வடிகட்டி போட்ட மாஸ்க் வேண்டும். அது இருந்தாலும் மொட்டை மாடியில், காற்றுப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்து ஒட்டுங்கள். பசை டப்பா திறந்திருக்கும்போது ஹீட் கன் பக்கத்தில் வரக்கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும்.

தலை

தலை மூன்று அடுக்கு: நடுவில் 10 மி.மீ., இரண்டு முகத்துக்கும் 5 மி.மீ. மொத்தம் இரண்டு செ.மீ. அதிகம் போலத் தோன்றும். ஆனால் மெலிந்த ஆயுதத்துக்கு எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் அட்டைதான். கணக்குப் பார்த்தேன்: என் கோடாரித் தலையை அதே பருமனில் நிஜ இரும்பில் வார்த்திருந்தால் தலை மட்டும் ஏழெட்டு கிலோ வரும். அந்த ஏழெட்டு கிலோவைக் கண் நம்ப வேண்டும் என்றால் இரண்டு செ.மீ. வேண்டும். காம்பு நுழையும் இடத்திலும் பின்மண்டையிலும் இன்னும் இரண்டு துண்டு ஒட்டிப் பருமனாக்குங்கள். அங்கிருந்து வெட்டும் முனை வரை மெலிந்துகொண்டே போக வேண்டும்.

வெட்டும்போது கட்டரைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே கோட்டில் இரண்டு மூன்று முறை இழுங்கள். முதல் இழுப்பு மெல்லக் கோடு போட மட்டும். அடுத்தது ஆழம். அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினால் ஓரம் பல்லுப் பல்லாக வரும். ஃபோம் பார்க்கத்தான் சாது, பிளேடின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். ஒரு மீட்டர் வெட்டியதும் ஒரு கண்ணி உடைத்துவிடுங்கள். வளைவில் கத்தியைத் திருப்பாமல் ஃபோமைத் திருப்புங்கள்.

நடு அடுக்கில் பைப் உட்காரப் பள்ளம் வெட்ட வேண்டும். பைப்பின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 27 மி.மீ., அடுக்கு மூன்றும் சேர்ந்தே 20 தான். அதனால் அந்த இடத்தில் நடு அடுக்கை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, முகத் துண்டுகளின் உள்பக்கத்தையும் கொஞ்சம் குடைந்துவிடுங்கள். வெளியே புடைத்துக்கொண்டு நிற்பதைத்தான் பருமனாக்கும் துண்டுகள் மறைக்கும். கோடாரியின் கண் என்று சொல்வோமே, அந்த இடம் நிஜத்திலும் புடைத்துத்தான் இருக்கும்.

கோடாரியில் இருக்கும் ரூன் எழுத்துகள் (வட ஐரோப்பாவின் பழைய எழுத்துகள்) ஒளிர உள்ளே விளக்கு வைக்கப் போகிறீர்களா என்று ஒட்டுவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள். வைப்பதென்றால் கம்பி போகும் பாதையை இப்போதே குடைய வேண்டும். கீழே தனியாகச் சொல்கிறேன், அதைப் படிக்காமல் ஒட்டாதீர்கள்.

ரப்பர் பசை ஒட்டும் முறை வேறு. இரண்டு பரப்பிலும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டக் கூடாது. காய்ந்துவிட்டதே என்று பயப்படாதீர்கள், அப்போதுதான் அது தயார். இரண்டும் தொட்ட நொடியே பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. அதனால் நடுவில் செய்தித்தாளை விரித்து வையுங்கள். காய்ந்த பசை தாளில் அவ்வளவாக ஒட்டாது. ஓரங்களைச் சரியாகப் பொருத்தி, ஒரு முனையிலிருந்து தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்திக்கொண்டு போங்கள். மழை நாளில் ஒட்டாமல் இருப்பது உத்தமம். ஈரக்காற்றில் பசையின் மேல் ஆவி பூத்துக்கொண்டால் பிடிப்பு போய்விடும்.

ஒட்டியபின் விளிம்பு. முனையின் தடிமனுக்கு நடுவில் ஒரு கோடு, முகத்தில் முனையிலிருந்து 4 செ.மீ. உள்ளே ஒரு கோடு. இரண்டு கோட்டையும் இணைக்கும் சரிவாகச் சீவுங்கள், இரண்டு பக்கமும். மாங்காய் சீவுவது போல நீளமான சீவல்களாக வர வேண்டும், குத்திக் குத்தி எடுக்கக்கூடாது. பிறகு 80, 150, 240 என்ற வரிசையில் தேயுங்கள். முனையைக் கூராக்க ஆசை வரும், வேண்டாம். இரண்டு மூன்று மி.மீ. உருண்டையாக விட்டுவிடுங்கள். கூர் பெயிண்டில் வரும்.

வெப்பத்தில் பிறக்கும் கோடு

எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இது. முதலில் தலை முழுவதும் ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில், நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். ஃபோமின் மேல் துளைகள் மூடிக்கொண்டு லேசான பளபளப்பு வரும். அடுத்த இடத்துக்குப் போங்கள். ஒரே இடத்தில் நின்றால் கருகி, தோசைக்கல்லில் ஒட்டியது போலச் சுருங்கும்.

இப்போது பின்னல் கோலத்தைப் பால்பாயின்ட் பேனாவில் வரைந்து, புது பிளேடால் அந்தக் கோட்டில் இரண்டு மி.மீ. ஆழத்துக்கு மட்டும் கீறுங்கள். கீறிய பிறகு பார்த்தால் ஒன்றுமே தெரியாது, ஃபோம் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஹீட் கன்னைக் காட்டுங்கள். கோடுகள் ஒவ்வொன்றாகக் கண் விழிப்பது போலத் திறக்கும். ஒரு மி.மீ. அகலப் பள்ளம், இரண்டு ஓரமும் உருண்டு, உளியால் செதுக்கியது போல. முதல் முறை அதைப் பார்த்தபோது வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "கோலத்தில் சிக்கு கோலம் மாதிரி இருக்குதுப்பா" என்றார். உண்மைதான். ஒரு கோடு மேலே, அடுத்த சந்திப்பில் கீழே, அதற்கடுத்து மறுபடி மேலே. சிக்கு கோலம் போடத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் வரைவதை அவரிடம் விடுங்கள். மேல், கீழ் மாறாமல் வருகிறதா என்று வெட்டும் முன் விரலை வைத்துப் பின்தொடருங்கள். ஓரிடத்தில் தவறினாலும் மொத்தப் பின்னலும் அவிழ்ந்துவிடும்.

புடைத்து நிற்கும் அலங்காரப் பட்டைகளை 2 மி.மீ. ஃபோமில் வெட்டி மேலே ஒட்டுங்கள். பள்ளமும் மேடும் கலந்து இருந்தால்தான் பிறகு பெயிண்ட் பிடிக்க இடம் இருக்கும்.

ரூன் எழுத்துகளுக்கு ஒரு வார்த்தை. பழைய வரிசையான மூத்த ஃபுதார்க்கில் 24 எழுத்துகள், எல்லாம் நேர்க்கோடுகளால் ஆனவை. மரத்திலும் கல்லிலும் செதுக்க வசதியாக அப்படி ஆயின என்பார்கள். ஓலையில் நேராகக் கீறினால் கிழியும் என்பதால் நம் எழுத்து வளைந்தது என்று சொல்வது போலத்தான். காரணம் எதுவாக இருந்தாலும் கட்டர் பிடிப்பவருக்கு அது வரம். ஆனால் இஷ்டத்துக்குக் கோடு இழுத்து ரூன் மாதிரி ஆக்காதீர்கள். படத்தைப் பார்த்து அப்படியே எடுங்கள். படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது எதிரே வருவார்.

விளக்கு

வேண்டாம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பகல் வெளிச்சத்தில் பெரிதாகத் தெரியாது. அரங்கின் உள்ளேயும் படம் எடுக்கும்போதும் மட்டும்தான் அதன் அழகு.

வெளிர் நீல எல்இடி ஒவ்வொன்றும் சுமார் 3.2 வோல்ட் கேட்கும். மூன்று ஏஏஏ பேட்டரி தொடராகச் சேர்ந்தால் 4.5 வோல்ட். மிச்சம் 1.3 வோல்ட்டை ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். 13 மில்லிஆம்பியர் போதும், 1.3-ஐ 0.013-ஆல் வகுத்தால் 100 ஓம். ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியாக ஒரு 100 ஓம் போட்டு, பிறகு எல்லாவற்றையும் இணையாகச் சேருங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று மங்கியும் எரியும். ஆறு எல்இடிக்கு 78 மில்லிஆம்பியர். ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் புது பேட்டரி தாராளமாகத் தாங்கும். சென்னையில் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் இதெல்லாம் சில்லறைக் காசு.

பவர் பேங்க் வைத்தால் என்ன என்று நானும் யோசித்தேன், வைத்தும் பார்த்தேன். அரை நிமிடம் எரிந்து அணைந்தது. சாலிடரிங்கை மூன்று முறை பிரித்துச் சேர்த்த பிறகுதான் புரிந்தது. இவ்வளவு குறைவாக மின்சாரம் எடுத்தால், போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் தானாக அணைந்துவிடும்.

சின்ன டார்ச்சுக்குள் மூன்று ஏஏஏ பேட்டரியை முக்கோணமாகப் பிடிக்கும் உருளைக் கூடு இருக்கும். அது காம்பின் அடிக்குமிழுக்குள் கச்சிதமாக உட்காரும், பைப்புக்குள் போகாது. கம்பி பைப் வழியாக மேலே போய், தலையின் நடு அடுக்கில் வெட்டிய பாதையில் பிரியும். எல்இடி இருக்கும் இடத்துக்கு மேலே முகத் துண்டில் ரூன் எழுத்தை முழுதாகத் துளைத்துவிட்டு, உள்ளிருந்து குளூ கன் பசையால் நிரப்புங்கள். பால் வெள்ளையாக உறைந்து ஒளியைப் பரப்பும். நேரடியாக எல்இடி தெரிந்தால் அது கோடாரி இல்லை, தீபாவளி சீரியல் செட்.

ஒட்டுவதற்கு முன் பேட்டரி போட்டு எரியவிட்டுப் பாருங்கள். ஒட்டியபின் பார்க்கலாம் என்பவர்கள் தலையைப் பிளக்க வேண்டி வரும்.

காம்பு

குலத்தைக் கெடுக்கும் கோடாலிக்காம்பு என்பார்கள். இங்கேயும் அது கெடுக்கும். தலைக்கு மூன்று வாரம் கொடுத்துவிட்டுக் காம்பை ஒரு மாலையில் முடித்தவர்கள் பலர், நானும்தான். உருண்டையாக, நேராக இருந்தால் துடைப்பக்கட்டை. படத்தில் காம்பு எங்கே பருத்து எங்கே மெலிகிறது, எவ்வளவு வளைகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

பைப்பை வளைக்க வேண்டுமென்றால் இரண்டு முனையையும் அடைத்து உள்ளே காய்ந்த மணலை இறுக்கமாக நிரப்புங்கள். இல்லாவிட்டால் வளையும் இடத்தில் சப்பையாக மடியும். ஹீட் கன்னால் பைப்பைச் சுழற்றிச் சுழற்றிச் சூடாக்கினால் 80 டிகிரியைத் தாண்டியதும் குழையத் தொடங்கும். கையுறை போட்டு, வரைந்து வைத்த வளைவின் மேல் வைத்து மெல்ல அழுத்திப் பிடித்து, ஈரத்துணியால் ஆற்றுங்கள். பைப் பழுப்பாக மாறவே கூடாது. கருகும் பிவிசி விடும் புகை நுரையீரலுக்கு ஆகாது.

வளைத்த பைப்பின் மேல் 5 மி.மீ. ஃபோமைச் சுற்றி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து முட்டை வடிவக் குறுக்கு வெட்டாக்குங்கள். நிஜக் கோடாரிக் காம்பு உருண்டையாக இருக்காது, கையில் சுழன்றுவிடும் என்பதற்காகத்தான் தட்டையாக இழைப்பார்கள். மரத்தின் ரேகைக்குக் கம்பி பிரஷ்ஷை நீளவாக்கில் இழுத்து, அங்கங்கே கத்தியால் கீறி, ஹீட் காட்டுங்கள்.

பிடிக்கு நிஜத் தோலையே சுற்றுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் நிஜப் பொருள் வைப்பதில் ஒரு தந்திரம் உண்டு. பார்ப்பவர் கண் தோலை நம்பிவிட்டால், பக்கத்தில் இருக்கும் ஃபோமையும் சேர்த்து நம்பிவிடும். 2 செ.மீ. பட்டையாக வெட்டி, அடியிலிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தையதை மூன்றில் ஒரு பங்கு மூடும்படி, பேட் கிரிப் சுற்றுவது போல இழுத்துச் சுற்றுங்கள். ரப்பர் பசை கொஞ்சம். முடிச்சுப் பக்கம் உள்ளங்கைக்கு வெளியே வரட்டும். அடிக்குமிழ் 10 மி.மீ. வட்டங்களை அடுக்கித் தேய்த்தது. பேட்டரி மாற்ற அது கழல வேண்டும், அதற்கு இரண்டு சின்னக் காந்தம் போதும்.

பூசுவது, பெயிண்ட்

ஃபோம் மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெள்ளை ஃபெவிகால் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, மெல்லிசாக ஐந்து ஆறு கோட்டு. ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. செதுக்கிய பள்ளங்களில் தேங்கினால் காய்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். விளக்கு வரும் ரூன்களில் மட்டும் முதலிலேயே மாஸ்கிங் டேப்பைத் துண்டு வெட்டி ஒட்டி மறைத்துவிடுங்கள். பெயிண்ட் முழுவதும் முடிந்தபின் உரித்தால் போதும். இந்த ஃபெவிகால் பூச்சு மடக்கினால் வெடிக்கும். கோடாரித் தலையை யாரும் மடக்கப் போவதில்லை என்பதால் பிரச்சினை இல்லை.

முதல் பெயிண்ட் முழுக் கறுப்பு. பலர் வெள்ளியிலிருந்து தொடங்குவார்கள், அதனால்தான் பொம்மைக் கடைச் சாமானாக முடிகிறது. கறுப்பு காய்ந்ததும், தட்டையான பிரஷ்ஷில் வெள்ளியைத் தொட்டு, பழைய பனியன் துணியில் கிட்டத்தட்ட முழுதும் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேடுகளின் மேல் உரசுங்கள். பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும், மேட்டில் இரும்பு தெரியத் தொடங்கும். ஒரே நிற வெள்ளி வேண்டாம். தலையின் உடலுக்குக் கறுப்பு கலந்த மங்கல் வெள்ளி, முனைச் சரிவுக்கு அதைவிட வெளிச்சம், முனையின் விளிம்பில் மட்டும் கலக்காத பளிச் வெள்ளி, ஒரே ஒரு மெல்லிய கோடு. உருண்டையாக விட்ட அந்த இரண்டு மி.மீ. முனை இந்தக் கோட்டில்தான் கூராகிறது.

அடுத்தது அழுக்கு. கறுப்பும் பழுப்பும் நிறையத் தண்ணீரில் கரைத்து, ஒரு கைப்பிடி அளவு இடத்தில் தடவி, அரை நிமிடத்தில் துணியால் துடையுங்கள். பள்ளத்தில் தங்குவது தங்கட்டும். தலை முழுவதும் ஒரே நேரத்தில் தடவினால் துடைப்பதற்குள் காய்ந்துவிடும், சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம்.

கீறல் போடும்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். முனையில் கீறல் வரும், ஏனென்றால் அது வெட்டுகிறது. பின்மண்டையின் மூலைகளில் வரும், ஏனென்றால் கீழே வைக்கும்போது அது இடிக்கிறது. முகத்தின் நடுவில், கோலத்துக்கு உள்ளே கீறல் விழ வாய்ப்பில்லை, அங்கே அழுக்குத்தான் சேரும். தோல் பிடியில் உள்ளங்கை படும் இடம் கறுத்து வழவழப்பாக வேண்டும், ஃபேயின் கையும் சேர்த்துத் தேய்த்த இடம் அது. அங்கே கொஞ்சம் எண்ணெய் தடவினாலே போதும்.

விளையாட்டில் இது உறைபனிச் சக்தி கொண்ட கோடாரி. அந்தப் பனி விளைவுக்கு வெளிர் நீலம் கலந்த வெள்ளையை ஸ்பாஞ்சில் தொட்டு, முனையின் ஒரு மூலையில் மட்டும் ஒற்றுங்கள். கை அரிக்கும், இன்னும் கொஞ்சம் என்று தோன்றும். அப்போது பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஆறு அடி தள்ளி நின்று போனில் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குறை படத்தில் தெரியும், கண்ணை உறுத்திய குறை படத்தில் காணாமலே போயிருக்கும்.

கடைசியாக வார்னிஷ். மரத்துக்கும் தோலுக்கும் மேட், இரும்புக்குப் பாதிப் பளபளப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே மேட் அடித்தால் இவ்வளவு நேரம் வரவைத்த இரும்பு சிமென்ட் ஆகிவிடும்.

கொண்டுபோவது

மே மாதக் காரில் பூட்டி வைக்காதீர்கள். ரப்பர் பசை சூட்டில் இளகும். என் கோடாரியின் ஒரு பட்டை அப்படித்தான் நழுவியது, இன்றும் அரை செ.மீ. கோணலாகவே இருக்கிறது. பையில் ஒரு சின்னப் பசை டியூப், கறுப்பு பெயிண்ட், பிரஷ், மாற்றுப் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போனால் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், ஃபோம் என்று எவ்வளவு விளக்கினாலும் கோடாரி கோடாரிதான். செக்-இன் பெட்டியில் போட வேண்டும், தலை தனியாகக் கழலும்படி செய்திருந்தால் அப்போது நன்றி சொல்வீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆயுத விதிகள் வேறு. நீளம் எவ்வளவு, உள்ளே பைப் இருக்கலாமா என்பதை முன்பே படித்துவிடுங்கள்.

கையில் பிடிக்கவும் பழக வேண்டும். எழுநூறு கிராமை ஒரு விரலில் சுழற்றினால் அத்தனை பெயிண்டும் வீண். தூக்கும்போது முதலில் தோள் இறங்கட்டும், பிறகு மெதுவாகத் தலை எழட்டும். நிற்கும்போது தலையைக் கீழே வைத்துக் காம்பில் சாய்ந்த மாதிரி நில்லுங்கள், நிஜமாகச் சாய்ந்துவிடாதீர்கள்.

2024-இல் சென்னைக்கும் காமிக் கான் என்ற காமிக்ஸ், காஸ்ப்ளே ரசிகர்கள் விழா வந்துவிட்டதால் இப்போது வெளியூர் போக வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. இரண்டாவது கோடாரியோடு ஒரு நிகழ்ச்சி வாசலில் நின்றபோது, சோதனை செய்த பையன் தூரத்திலிருந்தே கையைக் காட்டி நிறுத்தினான். "ப்ரோ, மெட்டல் அலவுட் இல்ல." கையில் கொடுத்தேன். இரண்டு கையையும் நீட்டி, கனத்துக்குத் தயாராக முழங்காலை மடக்கி வாங்கினான். கோடாரி அவன் நினைத்ததைவிட ஒரு அடி மேலே போய்விட்டது. கட்டை விரலால் முனையை அழுத்திப் பார்த்தான், அமுங்கி எழும்பியது. சிரித்துக்கொண்டே காம்பில் பச்சைப் பட்டையைக் கட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டு, "டேய், இதைத் தூக்கு" என்று நீட்டினான்.